தலைக்கு ஒரு அல்ட்ராசவுண்டு

என் மனைவிக்கு மூளையில் கட்டி என்று தெரிந்த வாரத்தில், தென்காசியில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் டாக்டர் ஆகிவிட்டார்கள். நிஜ டாக்டர் சென்னையில் இருந்தார். மருந்து ரத்தத்தில் ஓடினாலும் மூளைக்குள் லேசில் புகாது, அங்குள்ள ரத்தக்குழாய்ச் சுவர் விடாது என்றார். ரத்தத்தில் நுண்ணிய குமிழிகளை ஏற்றி, கட்டியைக் குறிவைத்து வெளியிலிருந்து அல்ட்ராசவுண்டு கொடுப்பார்களாம். குமிழிகள் அதிர, சுவர் கொஞ்ச நேரம் வழிவிடும். அதற்குள் மருந்து உள்ளே போய்விட வேண்டும். இன்னும் ஆராய்ச்சியில் இருக்கும் சிகிச்சைதான். எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

"தலையிலயா ஸ்கேனு? வயித்துலல்லா வைப்பாவ!" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. குற்றாலம் அருவி போடாத சத்தமா, அதற்கடியில் தலையைக் கொடுத்தால் போதாதா என்றார் ஒரு சித்தப்பா. போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், மட்டும் சட்டென்று புரிந்துகொண்டார்.

"புளியரை செக்போஸ்ட்டு மாதிரில்லா, மாப்ள! லாரியை நிப்பாட்டிருதான். ஒரு சவுண்டு விட்டா திறந்துருவான். சர்வீஸ் பூரா நான் அதைத்தான செஞ்சேன்!"

சிக்கல் தலைமுடியால் வந்தது. சிகிச்சைக்குத் தலையை மழிக்க வேண்டும், ஆஸ்பத்திரியிலேயே மழித்துவிடுவோம் என்றார்கள். மச்சான் குதித்தார். "புருஷன் குத்துக்கல்லு மாதிரி இருக்கையில, ஆஸ்பத்திரியில போயி தலையை மழிப்பாளா? முருகனுக்குன்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் தன் தங்கச்சியைக் காரில் ஏற்றிப் பண்பொழி மலை முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார். மொட்டையில் சந்தனம் மணக்க அவள் திரும்பி வந்தாள். சந்தனத்தைக் கழுவியபோது உச்சியில் நீளமாக ஒரு கத்திக் கீறல் இருந்தது.

புண் ஆறிய பிறகு வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அதுவரைக்கும் கட்டி லீவுல போயிருமா, மச்சான்?" என்று நடுவீட்டில் நின்று கத்தினேன். ஊரையே அதட்டிய மனிதர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்போதும் என் கோபம் ஆறவில்லை.

ஒருவழியாகப் புண் ஆறி, சிகிச்சையும் நடந்தது. வழி திறந்தது, மருந்து போயிருக்கிறது, கட்டி சுருங்குமா என்பதைப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். முதல் பாதியைக் கேட்டதுமே மச்சான் ஆலங்குளத்துச் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு, முருகன் திறந்துவிட்டான் என்று அறிவித்தார்.

வார்டில் அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"திறந்தது அப்படியே கெடக்குமா?"

"இல்ல, தானா மூடிரும். அடுத்த மாசம் மறுபடி திறப்பாவ."

"அப்ப அடுத்த மாசம் நான் இருப்பேன்னு டாக்டர் சொல்லிட்டாவளா?"

ஊரில் ஒருவர் விடாமல் நக்கலடித்துத் திரிந்த எனக்குப் பயமாக இருந்தது.

"தேதி குடுத்திருக்காவ" என்றேன்.