தட்டின் கடைசியில் ஒரு பைலா

எங்கள் வெள்ளவத்தை பிளாட்டுக்கு எதிரே, மதிலோரமாக ஒருவர் நின்று எங்கள் ஜன்னலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிறு பின்னேரம். கையில் குடை இருந்தது, மழை இல்லை. முதலில் கண்டது நான்தான். அண்ணனிடம் சொன்னதும் அவன் ஓடிப்போய் கசெட் பிளேயரின் சத்தத்தைக் குறைத்தான். சத்தம் குறைந்ததும் அந்த மனிதர் கடற்கரைப் பக்கம் நடந்து போய்விட்டார்.

“பாத்தியா? பாட்டு நிண்டோடன போறார். பாட்டுக் கேக்கத்தான் நிண்டவர்” என்றேன்.

“பாட்டுக் கேக்க ஆர் றோட்டில நிப்பான்? உள்ள எத்தினை பேர் எண்டு பாக்கிறான். உனக்கு ஒரு கோதாரியும் விளங்காது.”

எனக்கும் பயம்தான். யுத்த காலத்து வெள்ளவத்தையில் ஒரு தமிழ் வீட்டு ஜன்னலை ஒருவர் பார்க்கிறார் என்றால் அதற்கு நல்ல காரணம் இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. சில தமிழ் இளைஞர்கள் ஓர் அறையில் கூடினாலே அது கூட்டம். அதனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சபைக்கு நடுவில் எப்போதும் ஒரு கேரம் பலகை இருக்கும். ஒருநாளும் யாரும் அதில் விளையாடியதில்லை. ஆட்டம் பாதியில் நிற்பது போலக் காய்களைப் பரப்பி வைப்பது என் வேலை.

சபை கூடியது ஓர் இசைத்தட்டுக்காக. எழுபதுகளின் தொடக்கத்தில் கொட்டாஞ்சேனைப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ரொக் குழு வைத்திருந்தார்கள். சைக்கடெலிக் என்று சொல்வார்களே, அந்த வகை. கிற்றார் அழும், ஓர்கன் மிதக்கும், எங்கிருந்தோ உடுக்குச் சத்தம் வரும், கண்ணை மூடினால் அறை சுற்றும். ஒரே ஒரு தட்டு வெளியிட்டார்கள். அப்போது அதை யாரும் சீந்தவில்லை, குழுவும் கலைந்தது. எங்கள் காலத்தில்தான் அது கசெட் கசெட்டாகக் கைமாறி, கேட்டவர்களுக்கெல்லாம் பைத்தியம் பிடித்தது. அவர்கள் உண்மையில் மேதைகளா, வெள்ளைக்காரனைப் பார்த்துச் சுட்டவர்களா என்று வாரா வாரம் தொண்டை கிழியச் சண்டை நடக்கும்.

மேதைகள் என்ற கட்சிக்கு அண்ணன் தலைவன். கப்பல் கம்பனியில் கணக்கெழுதுகிறவன், மற்ற நேரமெல்லாம் கலை விமர்சகன். எதிர்க்கட்சிக்கு அவனுடைய நண்பர் ஒருவர், புதுக்கடை நீதிமன்றத்தில் இளம் வழக்கறிஞர். அவர் எதையும் சாட்சியில்லாமல் நம்பமாட்டார்.

அண்ணனுடைய துருப்புச் சீட்டு தட்டின் முடிவு. கடைசிப் பாட்டில் கிற்றார் உச்சத்துக்கு ஏறி, இதோ வெடிக்கப்போகிறது என்று நாங்கள் மூச்சைப் பிடித்திருக்கும்போது, படக்கென்று எல்லாம் நின்று ஒரு பைலா தொடங்கும். கலியாண வீட்டில் கைதட்டி ஆடுகிற சிங்களத் துள்ளல் பாட்டு, அசல் பைலா. அதுவும் பாதியில் அறுந்துவிடும். இந்த நாடு தன்னைத்தானே கேலி செய்யும் கணம் அதுதான் என்று அண்ணன் ஒரு சிற்றிதழில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். அந்த இதழை வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் காட்டுவான், தண்ணீர்க் குழாய் திருத்த வந்தவருக்கும் காட்டினான்.

அடுத்த ஞாயிறும் அந்த மனிதர் வந்து நின்றார். இம்முறை அண்ணன் பாட்டைப் பாதியில் நிறுத்திய பிறகும் போகவில்லை. வீதியைக் கடந்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் கதவு தட்டப்பட்டது.

கதவைத் திறக்க முன் எல்லோருடைய கையும் தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, வேலையிடத்துக் கடிதம். நான் கதவைத் திறந்தபோது எனக்குப் பின்னால் அண்ணனும் வழக்கறிஞரும் இன்னொரு நண்பரும் அட்டைகளை நீட்டியபடி வரிசையாக நின்றார்கள். வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“ஐயோ, உள்ள வையுங்கோ. நான் ஐசி பாக்க வரேல்ல. அந்தப் பாட்டு... அதில பேஸ் கிற்றார் வாசிச்சது நான்.”

அண்ணனின் முகத்தில் முதலில் பக்தி வந்தது, உடனே அதை அவன் அழித்துக்கொண்டான். வழக்கறிஞர் கேரம் பலகையைத் தள்ளிவிட்டு அவரை நாற்காலியில் இருத்தினார். சாட்சிக் கூண்டு இல்லாத குறைதான்.

“அப்பிடியெண்டா சொல்லுங்கோ அங்கிள், கடைசிப் பாட்டு எப்பிடி முடியும்?”

“அது நல்லா நீண்டு போகும். கிற்றார் சத்தம் அப்பிடியே இரைஞ்சு இரைஞ்சு தேயும்.”

“பிறகு பைலா?”

“என்ன பைலா?” அவருக்குக் கோபம் ஏறியது. “எங்கட தட்டில பைலாவோ? ஆர் சொன்னது? பைலா வாசிக்கச் சொல்லிக் கலியாண வீடுகளில கேட்டதாலதான நாங்கள் கலியாண வீடுகளுக்கே போகாம விட்டனாங்கள்!”

வழக்கறிஞர் அண்ணனைப் பார்த்தார், அண்ணன் வழக்கறிஞரைப் பார்த்தான். வருடக் கணக்காக ஒத்துப்போகாத இரண்டு பேர் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒத்துப்போனார்கள். ஆள் பொய். பிறகு வந்தவர் வாயைத் திறந்த ஒவ்வொரு தரமும் சந்தேகம் கூடியது. கசெட் எங்கே எடுத்தது, யார் பதிவு செய்தது, மூலத் தட்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். இந்தக் கேள்விகளைப் பாட்டுக்காரனா கேட்பான் என்று எனக்கும் தோன்றியது.

“உங்களுக்கு ஏன் அது?” என்றான் அண்ணன்.

அவர் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு இருந்தார். “கிற்றார் வாசிச்சது என்ர அண்ணன். எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்தில வெளிய போனவன், வரேல்ல. வீடும் எரிஞ்சது. தட்டு, படம் ஒண்டும் மிஞ்சேல்ல. மற்ற ரெண்டு பேரும் வெளிநாட்டில, எங்கயெண்டு தெரியாது. அந்தத் தட்டு முடியேக்குள்ள அண்ணன் ஏதோ கதைப்பான். பாட்டில்ல, சும்மா கதை. வெட்டாம விட்டிட்டாங்கள்.”

“என்ன கதைப்பார்?”

“ஞாபகம் இல்ல.” அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். “என்ன சொன்னவன் எண்டதும் ஞாபகம் இல்ல மகள், குரலும் மறந்து போச்சு. அவன்ர முகம் வருது. வாய் அசையுது. சத்தம் வருதில்ல. அதைத்தான் ஒருக்காக் கேக்க வந்தனான்.”

அண்ணன் கசெட்டைப் போட்டுக் காட்டினான். கிற்றார் ஏறியது. அவருடைய விரல்கள் முழங்காலில் அசைந்தன. படக்கென்று பைலா. அவர் கன்னத்தில் அறை வாங்கியவர் போலத் திடுக்கிட்டார். “இதில்ல, இதில்ல” என்றார். “பாத்தீங்களோ?” என்றார் வழக்கறிஞர். அண்ணன் எழுந்து கதவைத் திறந்து பிடித்தான்.

எனக்கு வந்ததே கோபம்! அவர் படியிறங்கிப் போன பிறகு நான் கத்தினேன். “அவர் சீஐடியெண்டா பைலா இருக்கெண்டு சொல்லியிருப்பாரே? நீங்கள்தானே ‘பிறகு பைலா’ எண்டு எடுத்துக் குடுத்தனீங்கள்? பொய் சொல்ல வாறவன் இப்பிடி மாட்டுப்படுவானோ?” அண்ணன் கசெட்டைப் பெட்டிக்குள் போட்டு மூடினான். கசெட் எடுத்த இடம் எனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் ஒரு ரெக்கோர்டிங் பார், தட்டிலிருந்து கசெட்டுக்குப் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை. கடை மூடிவிட்டது, ஆனால் அதை நடத்திய முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் நானா, மாளிகாவத்தைத் தொடர்மாடியில் இருந்தார். நான் படிக்கட்டால் ஓடிப்போய் அந்த மனிதரைப் பிடித்து, சனிக்கிழமை காலை காலி வீதி பஸ் தரிப்பில் நிற்கச் சொன்னேன். வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. நம்பிக்கை அவ்வளவுதான்.

சனிக்கிழமை நான் புறப்பட்டபோது அண்ணனும் சப்பாத்தைப் போட்டான். “உன்னைத் தனிய விட ஏலாது” என்றான். என்னைக் காப்பாற்ற வருகிறானா, தன் பைலாவைக் காப்பாற்ற வருகிறானா என்று எனக்குத் தெரியாதா?

வழியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். எங்கள் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஆமிக்காரனிடம் அந்த மனிதர் ‘மல்லி’ என்று தம்பி முறை சொல்லித் தொடங்கிச் சரளமாகச் சிங்களத்தில் ஏதோ சொல்ல, அவன் சிரித்துவிட்டு மூவரையும் விட்டான்.

“பாத்தியா, எப்பிடிக் கதைக்கிறான் எண்டு!” அண்ணன் என் காதில் சீறினான்.

“கொட்டாஞ்சேனையில பிறந்து வளந்தவர் சிங்களம் கதைக்காம லத்தீனோ கதைப்பார்? சும்மா இரு.” ஆனாலும் நான் என் கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

நானா கதவைச் சங்கிலி போட்டபடிதான் திறந்தார். கசெட் என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் இறுகியது. அந்தக் காலத்தில் எந்தக் கசெட், எந்தப் பாட்டு, யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டு வருகிறவர்கள் பாட்டுக் கேட்க வருகிறவர்கள் அல்ல.

“எனக்கிட்ட ஒரு தட்டும் இல்ல. கடையப் பூட்டி எவ்வளவோ காலம். போங்க.”

“நானா, நான் அதில வாசிச்சனான்.”

“அதில வாசிச்சவன் எல்லாம் வெளிநாட்டுல. என்னயப் பேயன் ஆக்காதீங்க.”

கதவு மூடப்போனது. அப்போது அண்ணனுக்குப் பொறுக்க முடியாமல் போய்விட்டது. “நானா, ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ. அந்தத் தட்டின்ர கடைசியில பைலா இருக்கா இல்லையா?”

நானா அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது.

“பைலாவா? அது நான் போட்டது! டேப்புல கடைசிக்கு மிச்சம் ஈக்கிம். வெறுமையா குடுத்தா கஸ்டமர் ஏசுவான், பாதி டேப்ப ஏமாத்திட்டான் எண்டு. எல்லாக் கசெட்டுக்கும் நான் ஒரு பைலா போட்டுத்தான் குடுப்பன். அந்தத் தட்டு முடியிற நேரம் ஒரே கூய்யெண்டு இரைச்சல். ஆரு அதக் கேப்பான்? அதையும் வெட்டிட்டு அங்கேந்தே பைலாவப் போட்டன். நல்லா ஈந்திச்சுத்தானே?”

பாவம் அண்ணன். சிற்றிதழின் பக்கங்கள் எல்லாம் அவன் முகத்தில் கிழிவதை நான் பார்த்தேன். இன்னொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். நானாவுக்கோ தன் பைலாவுக்கு ரசிகர்கள் வீடு தேடி வந்துவிட்ட சந்தோஷம். சங்கிலி கழன்றது. இல்லாத தட்டு அலுமாரியின் மேலிருந்து, பழைய சாரத் துணியில் சுற்றியபடி இறங்கியது.

அவர் ஊசியைக் கடைசிப் பாட்டில் வைத்தார். அந்த மனிதர் நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டு, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினார். கிற்றார் ஏறியது. நாங்கள் பைலாவுக்குப் பழகிய இடம் வந்தது, போனது. பாட்டு நிற்கவில்லை. அதற்குப் பிறகும் இவ்வளவு இருந்ததா என்று எனக்கு அழுகை முட்டியது. அடியில் பேஸ் கிற்றார் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது, மேலே எல்லாம் மெல்ல மெல்லத் தேய்ந்தது.

“இப்ப தெரியும், குரல் இருக்கா இல்லையா எண்டு” என்று அண்ணன் முணுமுணுத்தான். அப்போதும் விடவில்லை அவன்.

இரைச்சல் ஓய்ந்தது. வெறும் ஊசிச் சத்தம். பிறகு, மைக்குக்குத் தூரத்திலிருந்து ஓர் இளம் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு:

“டேய் தம்பி, நீ பிழை விட்டிட்டாய். திரும்ப ஒருக்கா வாசிப்பமா?”

அவ்வளவுதான். ஊசி நடு வட்டத்தில் தட்டிக்கொண்டிருந்தது. நானா அதை எடுக்கக் கையை நீட்டினார். அந்த மனிதர் கையால் தடுத்தார். அவருடைய முகம் சிவந்திருந்தது, அழுகையில் அல்ல, ரோசத்தில்.

“நான் பிழை விடேல்ல!” என்று ஒலிபெருக்கியைப் பார்த்துச் சத்தம் போட்டார். “நீதான் விட்டனீ. அண்டைக்கும் என்னத்தான் சொன்னனீ.”

ஒரு பதிலுக்குக் காத்திருப்பவர் போல அவர் காதை ஒலிபெருக்கியோடு வைத்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, சண்டையை விட்டுக்கொடுக்கிறவராகச் சொன்னார்:

“சரி, நான்தான் பிழை. நீ வா அண்ணா, வாசிப்பம்.”