கங்காணியம்மாவின் மடக்கு போன்

கங்காணி வேலை என்பது நாள் முழுக்கப் பத்துப் பதினைந்து பேருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை. அவர்களும் முதுகாலேயே நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும். நேற்றுவரை பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களுக்கு இன்று மேலாளாகப் போன யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கேமரன் மலையில் இருபது வருடம் கொழுந்து எடுத்த எனக்கு இந்தப் பதவி இந்த வருடம்தான் கிடைத்தது. அதுவும் முழுசாக இல்லை. "தீபாவளி வரைக்கும் பாக்கறேன், பரமேஸ்வரி. கொழுந்து தரமா வரலன்னா பழையபடி நெரைக்கே போயிடுங்க" என்று துரை சொல்லிவிட்டார். எங்கள் மேனேஜர் ஈப்போக்காரத் தமிழர்தான். இருந்தாலும் எஸ்டேட்டில் மேனேஜரைத் துரை என்று சொல்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

நிரையில் நின்று கொழுந்து எடுப்பது எனக்குக் கஷ்டமில்லை. கங்காணியாகி விட்டுத் திரும்பி வருகிறவளை அத்தனை பேரும் பார்ப்பார்களே, அதை நினைத்தால்தான் சோறு இறங்காது. அந்த நேரம் பார்த்து, கோலாலம்பூரில் வேலை செய்யும் என் மகள் தனக்கு வேறு போன் வாங்கிக்கொண்டு, பழைய மடக்கு போனை எனக்குக் கொடுத்தாள். வெளிர் ஊதா நிறம். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். சட்டைப்பையில் போட்டால் துருத்தாது. மேல்மூடியில் ஒரு சின்னத் திரை. போனைத் திறக்காமலே மணி பார்க்கலாம், யார் கூப்பிடுகிறார்கள் என்றும் பார்க்கலாம். மழைக்கோட்டும் பூட்சுமாக நிற்கிறவளுக்கு இதைவிடத் தோதான போன் கிடையாது. இது ஒன்று போதும், வேலை நிலைத்துவிடும் என்று நினைத்தேன்.

பவுடர் டப்பா

காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டுக்கு என்று பிரித்துவிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். போன் வந்த மறுநாள் பெரட்டில், எல்லோரும் பார்க்கட்டும் என்றே அதை வெளியே எடுத்தேன். ஒரு கையால் திறக்க மகள் சொல்லிக்கொடுத்திருந்தாள். குளிரில் கட்டைவிரல் விறைத்துப்போய் அது வரவில்லை. இரண்டு கையாலும் பிளந்து திறந்தேன்.

திரை இருட்டாக இருந்தது. அதில் என் முகம் பளிச்சென்று தெரிந்தது. பொட்டு கொஞ்சம் நகர்ந்திருந்தது, சரி செய்துகொண்டேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். பின்னால் துரையின் ஜீப் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. பெண்களெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு பூட்சைக் குனிந்து பார்த்தார்கள். துரை கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: "பவுடரெல்லாம் வீட்டுலயே போட்டுட்டு வந்துடுங்கம்மா. இங்க உங்க மூஞ்சிய கொழுந்து மட்டும்தான் பாக்கப்போவுது லா."

பத்து விரலும்

விரலை வைத்தாலே போன் திறக்கும் என்று மகள் சொல்லியிருந்தாள். என் விரலுக்குத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தா டவுனுக்குப் போய் ஒரு போன் கடையில் காட்டினேன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஊதா போன். கடைக்காரர் பாய் என்னை ஆபீஸ் உத்தியோகம் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "எந்த ஆபீஸ்மா?" என்றும் கேட்டார். "எஸ்டேட்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

விரலை வைக்கச் சொன்னார், வைத்தேன். "படியல, நல்லா தொடச்சிட்டு வைங்க" என்றார். துடைத்துவிட்டு வைத்தேன். அடுத்த விரல், அதற்கடுத்த விரல் என்று பத்து விரலும் ஆயிற்று. பின்னால் காத்திருந்த சுற்றுலாக்காரத் தம்பதி எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பாய் என் கையை விளக்கு வெளிச்சத்தில் காட்டச் சொன்னார். விரல் நுனியெல்லாம் வழவழவென்று தேய்ந்து, வெடிப்பில் மட்டும் தேயிலைக் கறை கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன். அவர் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்: "ரேகையெல்லாம் செடிகிட்ட குடுத்துட்டு வந்துட்டீங்கம்மா. நம்பர் போட்டே தெறந்துக்குங்க."

கையைக் காட்டினால் படம்

பாதி மடித்து வைத்தால் இந்தப் போன் தானே நிற்கும், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டாம். தூரத்தில் நின்று உள்ளங்கையைக் காட்டினால் போதும், தானே படம் எடுத்துவிடும். தினமும் பெரட்டுப் படம் ஒன்றை ஆபீஸ் குரூப்பில் போட வேண்டும் என்பது துரையின் உத்தரவு. நான் போனை லோரி மூக்கின்மேல் நிறுத்தி, ஆட்களோடு போய் நின்று, கையைக் காட்டினேன். எடுத்தது. எவ்வளவு சுலபம் என்று எனக்கே பெருமை.

அந்தப் பெருமையில் போனை அப்படியே விட்டுவிட்டு வேலை பிரிக்க ஆரம்பித்தேன். கையை ஆட்டாமல் எனக்குப் பேச வராது. "நீ மேட்டுக்குப் போ", "நீ நில்லு", "யாரு அங்க பேசறது" என்று நான் கையைக் காட்டக் காட்ட அதுவும் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. கண்ணாடி போடாமல் எல்லாவற்றையும் சேர்த்துக் குரூப்பில் அனுப்பிவிட்டேன். வாயைப் பிளந்தபடி நான், கண்ணை மூடியபடி நான், வானத்தைப் பார்த்துக் கையை நீட்டியபடி நான்; எல்லாப் படத்திலும் பின்னால் யாராவது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். அழிக்க முடியும் என்று மகள் சொல்வதற்குள் பேக்டரி வரைக்கும் பார்த்து முடித்துவிட்டார்கள். ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி போன் போட்டுக் கேட்டார்: "என்னம்மா, பெரட்டுப் படம் கேட்டா எலெக்ஷன் பிரசாரம் பண்ணி அனுப்பியிருக்கீங்க?"

மூடினால் கட்டாகும்

இவ்வளவு மானம் போனாலும் கொழுந்து மட்டும் வாரத்துக்கு வாரம் நன்றாக வந்தது. முற்றல் இலை குறைந்துகொண்டே போனது. தீபாவளி நெருங்கும்போது ஒரு நாள் காலையில் துரையே கூப்பிட்டு, "என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்டார். நான் போனைத் திறந்து காட்டி, "தெனமும் கொழுந்தைப் படம் எடுத்துடறேன் சார், ஆளுங்களுக்கு அந்த பயம்தான்" என்றேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

அன்று மத்தியானம் மழை கறுத்துக்கொண்டு வந்தது. நான் கீழே லோரிப் பக்கம் எடை போடுகிற இடத்தில் நின்றேன், ஆட்கள் மேட்டில் இருந்தார்கள். லெச்சுமியைப் போனில் கூப்பிட்டேன். இருபது வருடமும் எனக்குப் பக்கத்து நிரை அவள்தான். நான் கங்காணியான பிறகு எங்களுக்குள் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லாமல் போயிருந்தது. மழைக்கோட்டுத் தொப்பி மறைத்ததால், காதுக்குள் சொருகுகிற கருவியை மாட்டிக்கொண்டு பேசினேன். "எல்லாரையும் எறக்கிக் கூட்டிட்டு வா" என்று சொல்லி, போனை டப்பென்று மூடிப் பையில் போட்டேன். இந்தப் போனில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த டப்புதான். பேச்சை முடித்தது யார் என்று சுற்றி நிற்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

காதில் கருவி இருந்தால் மூடினாலும் கட்டாகாது என்று எனக்குத் தெரியாது. லெச்சுமியும் கட் செய்யவில்லை. பதவியில் மேலே இருப்பவர்கள் வைக்கும் முன்னால் எங்கள் ஆட்கள் போனை வைக்க மாட்டார்கள். நான் துரையிடம் அப்படித்தான். அவள் போனை அப்படியே ஏப்ரன் பைக்குள் போட்டுவிட்டாள். மேட்டில் பேசுவதெல்லாம் என் காதுக்குள் கேட்டது. கருவியைக் கழற்றியிருக்க வேண்டும். என்னைப் பற்றிப் பேசினார்கள், அதனால் கழற்றவில்லை.

"டப்பாவை மூடிட்டாளா மகராணி?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். லெச்சுமி குரல் வந்தது. "சிரிச்சது போதும். எறங்கறதுக்கு முன்ன கூடையில கெடக்கற முத்தலப் பொறுக்கி வெளிய போடுங்கடி. தீபாவளி வரைக்கும் நாம ஒழுங்கா எடுத்தாதான் பரமு வேலை நிக்கும்னு எத்தனை வாட்டி சொல்றது?" இன்னொருத்தி, "அவ நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே" என்றாள். "கேக்க மாட்டா, கூச்சப்படுவா. கேட்டாதான் செய்யணுமா?" என்றாள் லெச்சுமி.

எனக்குக் காது, கழுத்து எல்லாம் சுட்டது. இத்தனை வாரம் என் வேலையைத் தாங்கிப் பிடித்தவர்கள் இவர்கள். நான் காலையில்தான் அந்த நல்ல பேரை ஒரு போனுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அவர்கள் இறங்கி வந்ததும் லெச்சுமியைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்: காதில் கேட்டதை, துரையிடம் நான் சொன்னதை. அவள் முகத்து மழைத்தண்ணீரை வழித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சொன்னது சொல்லிட்ட. தீபாவளி முடியட்டும், அப்புறம் யார் எடுத்த கொழுந்துன்னு துரைகிட்ட சொல்லு. இப்பவே சொல்லி, நாங்க பட்ட பாட்டைக் கெடுத்துடாத."

தீபாவளி முடிந்தது, துரையிடமும் சொல்லிவிட்டேன், வேலையும் நிலைத்துவிட்டது. கங்காணியை மேய்ப்பது ஆட்கள்தான் என்பதை மட்டும், தானே நின்று தானே படம் எடுக்கிற போனாலும் எடுத்து அனுப்ப முடியவில்லை.