எந்தப் பேராதனை?

இதை முதலில் எனக்குச் சொன்னது வேன் ஓட்டும் செல்வம். பிள்ளைகள் மூன்று பேரும் கலியாணம், வேலை என்று போன பிறகு, சும்மா கிடந்த மேல்மாடியை ஊர் பார்க்க வருகிற குடும்பங்களுக்கு விடத் தொடங்கிய முதல் கிழமை அது. "அக்கா, வாறவங்க வாயால ஒண்ணு கேப்பாங்க, மனசுல ஒண்ணு வச்சிருப்பாங்க. ரெண்டையும் கேட்டு எழுதுங்க" என்றான். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைக்கும். வாயால் சொல்வதை எழுதி முடிக்கவே எனக்கு நேரம் காணாது. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். சிங்களம் தெரியாதவர்கள் என்றால் கூடவே போய்ப் பேசிக் கொடுப்பேன். தொழில் இவ்வளவுதான். சொந்தக்காரரை ஒரு தடவையாவது கண்டி சுற்றிக் காட்டக் கூட்டிப் போயிருந்தால், நீங்களும் என் கட்சிதான்.

இறங்க வேண்டாம்

மன்னாரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தகப்பன் ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினார். ஒரே நாளில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று பதினான்கு எழுதியிருந்தார். நான் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், முப்பது வருசமாகக் கண்டி டவுனில் இருக்கிறேன். அதில் பாதியை நானே பார்த்ததில்லை. "ஐயா, நாலு இடத்துக்கு மேல ஏலாது. ஏறி இறங்கவே பொழுது போயிரும்" என்றேன். அவர் பிள்ளைகளைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார். பிறகு மிகவும் பொறுமையாகச் சொன்னார்: "அப்ப இறங்க வேணாம் அக்கா. வேனை மெதுவா ஓட்டச் சொல்லுங்க, இருந்தபடியே பாத்திருவம்."

போனில் சொன்ன இடம்

அதற்கெல்லாம் சிரித்துவிடலாம். சிரிக்க முடியாமல் போனது யாழ்ப்பாணப் பக்கம் சாவகச்சேரியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடுதான். பரமேஸ்வரன் என்பவர் எனக்குப் போன் எடுத்தார். தான், மனைவி சாந்தி, உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த மகள் துளசி, மூன்று பேர். புதன்கிழமை தலதா மாளிகை என்கிற புத்த கோயிலும் வாவியும். "வியாழன் விடிய பேராதனை. அங்க உங்களுக்கு இடம் தெரியுமோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நல்லாத் தெரியும் தம்பி. வாசல்ல சீட்டு எடுக்கணும். நேரத்தோட போனா வரிசை இருக்காது. உள்ளுக்கு நிறைய நடக்க வேண்டி வரும், ஏலாதவங்களுக்கு வண்டி இருக்கு" என்றேன். "ஓம், ஓம். அப்பிடித்தான் எனக்கும் சொன்னவை" என்றார்.

நான் கொப்பியில் எழுதியது: வியாழன், காலை, பூங்கா. அவர் சொன்னது ஆஸ்பத்திரி. அவருடைய கன்னத்துக்கு உள்ளே ஒரு வெள்ளைப் புண், மூன்று மாதமாக ஆறவில்லை. ஊர் டாக்டர் பேராதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கடிதத்தை வியாழன் எட்டரை மணிக்கு முன் கொடுக்க வேண்டும். தவறினால் இன்னொரு திகதி எப்போது கிடைக்குமோ தெரியாது. மனைவிக்கும் மகளுக்கும் ஒரு சொல் சொல்லாமல், சுற்றுலா என்று கூட்டி வருகிறார். பேராதனை கண்டிக்குப் பக்கத்து ஊர்; எங்களுக்கு அது என்றால் பூ பார்க்கப் போகிற பெரிய பூங்கா, கம்பஸ், ஆஸ்பத்திரி எல்லாம்தான். அவர்கள் ஊரில் ஒருவரைப் பேராதனைக்கு எழுதினார்கள் என்றால் ஒன்றே ஒன்றுதான். இதெல்லாம் எனக்கு வியாழன் காலையில்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், என்னைப் போல நீங்களும் முழிக்க வேண்டாம். போனை வைக்கும் முன் அவர் சொன்னது: "மற்றதெல்லாம் தவறினாலும் பரவாயில்லை அக்கா. பேராதனை மட்டும் தவறக் கூடாது."

கிழிந்த முழங்கால்

புதன்கிழமை தலதா மாளிகை வாசலில் துளசியை நிறுத்திவிட்டார்கள். பிள்ளை போட்டிருந்த காற்சட்டை இரண்டு முழங்காலிலும் கிழிந்திருந்தது. "காசு குடுத்து வாங்கின கிழிசல், அன்ரி" என்று எனக்கு விளக்கம் வேறு. இதற்கென்றே என் பையில் எப்போதும் வெள்ளைத் துணி இரண்டு இருக்கும். ஒன்றைச் சுற்றிவிட்டேன். காவலுக்கு நின்றவரும் சிரித்துக்கொண்டு விட்டார்.

உள்ளே நாங்கள் மூவரும் பூ வைத்துவிட்டு வெளியே வந்தோம். பரமேஸ்வரன் வரவில்லை. ஐந்து நிமிசம், பத்து நிமிசம். எட்டிப் பார்த்தால், பின்னால் வந்த வரிசை அவரைச் சுற்றிப் போகிறது. கையில் தாமரையோடு கண்ணை மூடி நிற்கிறார். நான் வேதக்காரி, மாதாவைக் கும்பிடுகிறவள். என்றாலும், அப்படி நிற்கிற ஆளைக் கண்டால் எந்தச் சாமிக்கு முன்னால் நின்றாலும் எனக்குத் தெரியும். என்னவோ பாரம் இருக்கிறது என்று நினைத்தேன். கேட்கவில்லை. துளசி என் காதுக்குள் சொன்னாள்: "வீட்டுச் சாமியறையை எட்டியும் பாக்காத அப்பா, இஞ்ச வந்து என்னத்தை இவ்வளவு நேரம் கேக்கிறார் அன்ரி?"

உறைப்பில்லாத கறி

அன்றைக்குப் பொழுதுபட்டதும் சாப்பாடு வைத்தேன். "எனக்கு உறைப்பில்லாமல் ஏதாவது தாங்கோ" என்றார் பரமேஸ்வரன். பருப்பும் வெறும் சோறும் போட்டேன். தேத்தண்ணியை நன்றாக ஆறவைத்துத்தான் வாயில் வைத்தார். "பச்சை மிளகாயைக் கடிச்சுக்கொண்டு சாப்பிடுற மனுசன் அக்கா இவர். இப்ப பால்குடிப் பிள்ளையைப் போல" என்று சாந்தி சிரித்தாள். "பல்லுக் கூச்சம்" என்றார்.

நான் கொப்பியைத் திறந்து, "நாளைக்கு ஏழு மணிக்கு வெளிக்கிட்டா சரி. எல்லாருமா பேராதனைக்குப் போறோம்" என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். முகம் வெளிறிவிட்டது.

"எல்லாருமோ? அங்க அவையளுக்கு என்ன வேலை?"

"குடும்பத்தோட போற இடம்தானே தம்பி."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார் பாவம். நான் அவருக்குக் களைப்பு என்று நினைத்தேன். சாந்தியின் சிரிப்பும் நின்றுவிட்டது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "எங்களை விட்டிட்டு இந்த மனுசன் தனியப் போய் என்னத்தைப் பாக்கப் போறார் எண்டு எனக்கும் பாக்கோணும் அக்கா."

கெட்டம்பேயில்

ஏழு மணிக்கே புறப்பட்டோம். பள்ளிக்கூட வேன்களும் பஸ்களுமாக, பேராதனை ரோட்டில் கெட்டம்பே என்கிற இடத்தில் எங்கள் வேன் போய் நின்றது நின்றதுதான். பரமேஸ்வரன் செல்வத்துக்குப் பக்கத்தில், சட்டைப் பையில் கையை வைத்தபடி இருந்தார். இரண்டு நிமிசத்துக்கு ஒரு தடவை நேரம் கேட்டார். ஏழு நாற்பது. ஏழு ஐம்பது. எட்டு ஐந்து. நான் பின்னால் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். அவர் கழுத்தில் வியர்வை ஓடுவதைப் பார்த்து, ஆறுதலாகச் சொன்னேன்: "பதறாதீங்க தம்பி. ஒன்பது மணிக்குப் போனாலும் பூ பூத்துத்தான் இருக்கும்."

அவர் மெல்லத் திரும்பினார். "என்ன பூ, அக்கா?"

துளசி விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து மண்ணிற உறை ஒன்று பாதி வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது. ஆஸ்பத்திரிக் கடிதம் வைக்கிற அந்த மாதிரி உறையை நான் அறியாதவள் இல்லை. என் வீட்டுக்காரர் கண் மூடும் வரைக்கும் இரண்டு வருசம் அதைச் சுமந்துகொண்டு இதே ரோட்டில் போனவள். சீட்டு, வரிசை, நடக்க ஏலாதவர்களுக்கு வண்டி என்று போனில் நான் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கே திரும்பக் கேட்டது. அத்தனையும் ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும் என்று கண்டு, செல்வத்தின் தோளில் தட்டினேன்.

"செல்வம், பூங்காவுக்கு வேணாம். ஆஸ்பத்திரிப் பக்கம் போ."

"ஆஸ்பத்திரியோ? ஆருக்கு?" என்றாள் சாந்தி.

கையில் செபமாலையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல என்னால் ஏலாது. உண்மையைச் சொல்வோம் என்றால், அது என்னுடைய உண்மையும் இல்லை. "அதைத் தம்பிதான் சொல்லணும், தங்கச்சி" என்றேன்.

பரமேஸ்வரன் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். புண், மூன்று மாதம், கடிதம், எட்டரை மணி. "வெத்திலையை விடச் சொல்லி எத்தினை தரம் சொன்னனீ. அதுதான் உனக்குச் சொல்ல வெக்கமாய்க் கிடந்தது" என்று முடித்தார். சாந்தி அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் எட்டி அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு செல்வத்திடம் சொன்னாள்: "தம்பி, உந்த பஸ்ஸுக்குப் பின்னால நிக்காமல் வேற பாதை ஏதும் இருக்கோ பாருங்கோ. இவரோட நான் பிறகு கதைக்கிறன்."

கடைசி இலக்கம்

செல்வம் எந்தச் சந்து ஒழுங்கைக்குள் புகுந்து எப்படி வந்தான் என்று தெரியாது. என்றாலும் நாங்கள் போய்ச் சேரும்போது எட்டு ஐம்பது. கடிதம் எடுக்கிற யன்னல் மூடிக்கிடந்தது. நான் கண்ணாடியில் தட்டினேன். உள்ளே இருந்தவர் சிங்களத்தில், நேரம் முடிந்துவிட்டது அம்மா என்றார். அவரைப் பிழை சொல்லவும் ஏலாது, அவருக்கு அதுதான் ஒழுங்கு.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். இவர் சாவகச்சேரியிலிருந்து வந்தவர், பேராதனை என்று சொன்னார், நான்தான் மல் பார்க்கும் பேராதனை என்று எழுதிவிட்டேன், பிழை என்னுடையது, மகனே என்றேன். மல் என்றால் சிங்களத்தில் பூ. அவர் என்னைப் பார்த்தார், பின்னால் உறையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரைப் பார்த்தார், மகளின் கிழிந்த முழங்காலையும் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு யன்னலுக்குள்ளால் கையை நீட்டி உறையை வாங்கினார். தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "மல் பாக்க வந்தாலும் இங்க நம்பர் வேணும் அம்மா. கடைசி நம்பர். போய் இருங்க."

இரண்டும் எழுதுங்கோ

பகல் வரைக்கும் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தோம். துளசி தகப்பனின் தோளில் தலையை வைத்திருந்தாள், சிரிப்பெல்லாம் போய்விட்டது. டாக்டர் புண்ணிலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்தார். சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும், முடிவுக்கு இன்னொரு வியாழன் வாருங்கள் என்றார். நான் அதைச் சிங்களத்திலிருந்து தமிழுக்குச் சொல்லும்போது, ஒரு சொல்லும் கூடிவிடக் கூடாது, குறைந்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து சொன்னேன். அன்றைக்கு யாரும் பூங்காவைப் பற்றிப் பேசவில்லை. ஊருக்குப் புறப்படும்போது சாந்தி அவருடைய வெற்றிலைப் பையை என் குப்பைக் கூடைக்குள் போட்டாள். அவர் பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை.

நேற்று போன் வந்தது. இந்தத் தடவை எடுத்தது சாந்தி. ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாகச் சொன்னாள்: "வாற வியாழன் முடிவு சொல்லினம் அக்கா, மூண்டு பேரும் வாறம். முதல் ஆஸ்பத்திரி, பிறகு பூங்கா. முடிவு என்னவாய் இருந்தாலும் ரெண்டையும் கொப்பியில எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவையும் போட்டு வைத்திருக்கிறேன்.

இத்தனை குடும்பத்துக்குக் கண்டியைக் காட்டிய நான், வந்தவர் எங்கே போக வந்தார் என்பதை ஒரு பூவைப் பற்றிப் பேசித்தான் கண்டுபிடித்தேன். நீங்களும் ஒரு நாள் எனக்குப் போன் எடுப்பீர்கள். அப்போது பேராதனை என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பேராதனை என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லிவிடுங்கள்.