ஓரத்து ஊதா

அந்தப் படத்தின் இரு ஓரங்களிலும் ஊதா படர்ந்திருந்தது. சமுதாயக் கூடத்து மேசைமேல் வைத்து அதைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். கல்லூரியில் ஒளியியல் நடத்துகிறவன் என்பதால் பெரியவர்கள் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். படத்தை எடுத்தவர் என் மனைவியின் தம்பி. சங்கரன்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருந்தார். ஊரில் வேறொரு குடும்பத்து அண்ணன் தம்பி இருவருக்குத் தறி ஷெட்டைப் பிரிப்பதில் தகராறு. எட்டுத் தறி இருந்தது என்றார் தம்பி. ஆறுதான் என்றார் அண்ணன். முன்பே எடுத்திருந்த இந்தப் படத்தில் எட்டு இருந்தன. ஆனால் ஓரத்துத் தறிகள் இரண்டும் ஊதா பூத்துக் கலங்கிக் கிடந்தன. கம்ப்யூட்டரில் ஒட்டியது என்றார் அண்ணன்.

ஷெட் குறுகல், பின்னால் நகர இடமில்லை, அதனால் பழைய ஃபிலிம் கேமராவின் அகலக்கோண லென்ஸை டிஜிட்டல் கேமராவில் மாட்டி எடுத்தேன் என்றார் மைத்துனர். “ஓரம் அப்படித்தான் விழுது அத்தான். ஏன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. இந்தா, இந்த வெள்ளச் சுவர எடுத்துக் காட்டுதேன், பாருங்க.”

கேமரா அவர் கையிலேயே இருந்தது. ஒரு நிமிட வேலை. சோதிக்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதே என்று மாணவர்களுக்குச் சொல்லிவந்த நான், “தேவையில்லை” என்றேன். எனக்குத் தெரியாத ஒன்று லென்ஸில் இருக்க முடியாது என்ற எண்ணம். மச்சினனுக்குப் பரிந்தான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்ற பயமும் இருந்தது. ஒட்டுவேலை என்றேன்.

“வே, மாப்பிள்ள பக்கத்துல ரெண்டு பொண்ண ஒட்டிராதேயும்!” என்று பஸ் ஸ்டாண்டில் அவரைக் கேலி செய்தார்கள். பிறகு கல்யாணங்களுக்குப் படமெடுக்க யாரும் கூப்பிடவில்லை. ஸ்டுடியோவை மூடினார். இப்போது ராயகிரியில் உரக்கடையில் பில் போடுகிறார்.

ஓய்வு பெற்றபின் ஒரு புகைப்பட இதழில்தான் காரணத்தைப் படித்தேன். ஒளி எவ்வளவு சாய்ந்து விழுந்தாலும் ஃபிலிம் ஏற்றுக்கொள்ளும். டிஜிட்டல் கேமராவில் ஃபிலிமுக்குப் பதிலாக இருக்கும் சென்சாரின் புள்ளிகளோ சின்னக் கிணறுகள் மாதிரி. நேராக விழுகிற ஒளிதான் அடிவரை போகும். அந்த லென்ஸின் பின்கண்ணாடி சென்சாரை ஒட்டி உட்காருவதால், ஓரத்துக்குப் போகும் ஒளி சரிந்துபோய்ப் பக்கத்தில் வேறு நிறத்துக்கான புள்ளியில் வழிகிறது; ஓரம் ஊதாவாகிறது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

ராயகிரிக்குப் போய், படம் உண்மைதான் என்று சொன்னேன். “எங்கிட்ட எதுக்கு அத்தான் சொல்லுதிய? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே” என்று பில் புத்தகத்தைத் திருப்பினார்.

அன்று கூடத்தில் இருந்த பெரியவர்களில் உயிரோடிருப்பவர் ஒருவர்தான், பனவடலிசத்திரத்தில். அவரிடம் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“மச்சினன் பேரக் காப்பாத்தணும்னு இந்த வயசுல பஸ் ஏறி வந்து பொய் சொல்லுதியளே சார்வாள். யாருக்கு வரும் இந்த மனசு?”

மருமகளைக் கூப்பிட்டு எனக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார்.