டம்ளரில் ஒட்டாத வியாதி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்கழியில் நடந்தது இது. கல்யாணமாகி நான் ஸ்ரீரங்கத்துக்கு வந்த புதுசு. மாமியாரும் நானும் எல்லாவற்றிலும் ஒத்துப்போவோம், காபி டம்ளரைத் தவிர. அந்த வீட்டில் எல்லாரும் டம்ளரைத் தூக்கி, உதட்டில் படாமல்தான் குடிப்பார்கள். நானோ தில்லை நகரில் உறிஞ்சிக் குடித்தே வளர்ந்தவள். தூக்கிக் குடித்தால் பாதி காபி புடவைக்குத்தான் போகும். "எச்சில் பண்ணாதேடிம்மா" என்பதுதான் மாமியாருடைய தினசரி சுப்ரபாதம்.

பித்தப்பையில் கல் என்று எனக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில், ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி இருக்கிறது என்று வந்துவிட்டது. கல்லீரலைக் கெடுக்கும் வைரஸ் என்று போனில் படித்ததும் ஈரக்குலை நடுங்கிவிட்டது. டாக்டரோ சாவகாசமாகப் பேசினார். முதல் சோதனை சில சமயம் வேறு எதையோ பார்த்து ஏமாந்துபோகுமாம், இன்னொன்று செய்து உறுதிப்படுத்திக்கொள்ளலாமாம். இது ரத்தத்தின் வழியாகப் பரவுவது, டம்ளர் தட்டில் எல்லாம் ஒட்டாது என்றும் சொன்னார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. இனிமேல் அந்த வீட்டில் என்னை ஒதுக்கி உட்காரவைத்துவிடுவார்கள் என்பதுதான் மனசில் ஓடியது.

கூட வந்திருந்த மாமியார், லேப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டாவது சோதனையைப் பற்றித் துருவினார். வைரஸின் புரதத்தில் உள்ளது போலவே சின்னத் துண்டுகளைச் செயற்கையாகச் செய்து ஒரு பட்டையில் பூசியிருப்பார்களாம். பெப்டைடு என்று பெயராம். அந்த நோய்க்கென்றே உண்டான ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தால்தான் அதில் ஒட்டிக்கொள்ளுமாம்.

"செயற்கைன்னா டூப்ளிகேட்தானே? டூப்ளிகேட்டை வெச்சுண்டு ஒரிஜினலை எப்படிப் பிடிப்பேள்?" என்றார் மாமியார்.

"நிஜ வைரஸைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நாங்க எப்படிம்மா வேலை பார்க்கிறது?" என்றாள் அந்தப் பெண்.

மாமியாருக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. எது எதில் ஒட்டும், எதில் ஒட்டாது என்பதில் ஆயுசு பூரா சர்வீஸ் உள்ளவர் அல்லவா.

மறுநாள் காலை, யாரும் சொல்வதற்கு முன்னால் நானே ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் காபியை ஊற்றிக்கொண்டு பின்பக்கப் பால்கனியில் போய் உட்கார்ந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பின்னாலேயே மாமியார் வந்தார். நான் பாதி உறிஞ்சி வைத்திருந்த டம்ளரை எடுத்து, உதட்டில் வைத்து, மிச்சத்தைக் குடித்தார். பழக்கமில்லை பாருங்கள், சர்ரென்று சத்தம் வேறு.

"சர்க்கரை ஜாஸ்தி," என்றார். "டம்ளர்ல ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாரோல்லியோ? உள்ளே வா."

நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

அடுத்த வாரம் ரிசல்ட் வந்தது. பட்டையில் ஒன்றும் ஒட்டவில்லை. தனியாகத் தேடிப் பார்த்ததில் ரத்தத்தில் வைரஸும் இல்லை. வந்த சந்தோஷத்தில் கூடத்திலேயே உட்கார்ந்து காபியை ஆசையாக உறிஞ்சினேன்.

"அதான் ஒண்ணுமில்லேன்னு வந்துடுத்தே, இனிமே தூக்கிக் குடி" என்றார் மாமியார்.

இன்றைக்கும் புடவை நனைந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் "எச்சில்" என்று அவர் முறைக்கும்போதெல்லாம், எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று சர்டிபிகேட் கொடுத்தது போல மனசு நிறைந்துவிடுகிறது.