மீன்கடையில் ஒரு துண்டு அலாஸ்கா

ரயில் இல்ஃபோர்டில் நின்றுவிட்டது, இனி நகராதாம். ஆய்வுக்கூடத்து வண்டி இங்கே வந்து சேர ஒரு மணி நேரமாகும். என் பெட்டிக்குள் இருப்பது அலாஸ்காவில் துளையிட்டு எடுத்த உறைமண். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உருகாமல் கிடந்தது, லண்டன் வெயிலில் உருகப் பார்க்கிறது. உருகினால் உள்ளே அடைபட்ட வாயு போய்விடும். அதை அளக்கத்தானே இத்தனை கடல் தாண்டிச் சுமந்து வருகிறேன்!

பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறேன். கண்ணில் படும் முதல் தமிழ்ப் பலகை ஒரு மீன்கடை. சிரிப்பு பீறிட்டு வருகிறது.

"அக்கா, ஒரு மணி நேரம் இதை உங்க ஃப்ரீசர்ல வைக்கலாமா? அலாஸ்கா மண்ணு."

"மண்ணோ? மண்ணை ஆர் ஃப்ரீசருக்க வைக்கிறது?" கடைக்கார அக்கா சிரிக்கிறார்.

"நல்லா சீல் வச்சிருக்கு அக்கா. அங்க நிலமே உருகுது. வீடெல்லாம் சரியுது, கதவு சாத்த முடியல. ஜனங்க ஊரையே விட்டுப் போறாங்க."

அக்காவின் சிரிப்பு நிற்கிறது. அறக்குளா மீன்களை ஒதுக்கி, பெட்டியை நடுவில் இறக்கி, சுற்றிலும் இறால் பைகளை அடுக்குகிறார். மூடியைச் சாத்தி, அதன்மேல் ஏறியே உட்கார்ந்துகொள்கிறார். எனக்குக் கடைக்குள்ளேயே துள்ளிக் குதிக்கலாம் போலிருக்கிறது.

ஒருவர் வந்து அறக்குளா கேட்கிறார்.

"இப்ப திறக்க ஏலாது அண்ணை. பிறகு வாங்கோ."

"ஏன், ஃப்ரீசர் பழுதோ?"

"இல்லை. ஆரோ சனத்தின்ர ஊர் உள்ளுக்க கிடக்கு."