ரோடு எஞ்சினுக்குத் தண்ணீர் பார்க்கப் போனது

பாலத்தைத் தாண்டினால் பட்டறை கிடையாது. எங்கள் காண்டிராக்டர் வாய்க்கு வாய் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் பக்கமாகப் போகிற ரோட்டில் ஒரு துண்டு வேலை எங்களுக்குக் கிடைத்திருந்தது. தீவுக்கு ரயில் பாலம் மட்டும்தான். எங்கள் ரோடு எஞ்சின் கூட்ஸ் வண்டியில் ஏறித்தான் கடலைக் கடக்க வேண்டும். விறகு போட்டு நீராவியில் ஓடி, ரோட்டை அமுக்குகிற பழைய எஞ்சின் அது. அங்கே போய்ப் படுத்துக்கொண்டால் திரும்பவும் கூட்ஸ் வண்டி பிடித்து ராமநாதபுரம் கொண்டுவர வேண்டும்.

"அங்கன போயி என்ன என்ன கெடும்னு இங்கனயே யோசிங்க" என்று பிட்டராக இருந்த என்னிடம் சொல்லிவிட்டார்.

எஞ்சின் டிரைவர் திருப்பாலைக்குடிக்காரர். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். அவரைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. முந்தின வருஷம் கடலாடிப் பக்கத்து வேலையில், கிடைத்த கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஓட்டினார். பாய்லருக்குள் சுண்ணாம்பு மாதிரி ஏடு ஏடாகப் படிந்து, குழாய் சூடேறிப் பிளந்து, வேலை பாதியில் நின்றுபோனது. "இன்னொரு தடவை பாய்லர் போச்சுன்னா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்று காண்டிராக்டர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மாமாவுக்கு அந்த எஞ்சினைத் தவிர வேறு தொழில் தெரியாது. கடல்காரர் வீட்டில் பிறந்தும் படகில் ஏறினால் வாந்தி எடுப்பார்.

நானும் அவரும் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு யோசித்தோம். உப்புக்காற்றுக்கு எந்த இரும்பில் முதலில் துரு பூக்கும், எந்த மூட்டில் மணல் புகும் என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். தேய்ந்ததை மாற்றினோம். கிரீசு போடுகிற இடங்களுக்கு எண்ணெய்ச் சாக்கைச் சுற்றினோம். கடைசியில் தண்ணீர் மட்டும் பாக்கி நின்றது. பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் ரயிலேறிப் பாம்பன் போனேன்.

போன இடத்தில் எனக்கு ஒரு விசித்திரம். எஞ்சினுக்கு ஆகுமா என்று எந்தக் கிணற்றைக் கேட்டாலும் அதற்குரியவர்கள் "இளநீராட்டம் இருக்கும்" என்றார்கள். ஒருவர்கூடத் தம் கிணற்றைக் குறை சொல்லவில்லை. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம், "எந்தக் கிணறு மோசம், அதையாவது சொல்லுங்க" என்றேன். முகத்தைச் சுளித்தார். "தாயைப் பழிச்சாலும் தண்ணியைப் பழிக்கக் கூடாதும்பாக. உங்க ஊருல சொல்லித் தரலையா?"

எனக்குப் பழமொழி என்றால் உயிர். ஆனால் அன்றைக்கு அது என் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். சாம்பாரில் பருப்பு விதைவிதையாகக் கிடந்தது. கடைக்காரம்மாவைக் கூப்பிட்டு, "என்னம்மா, பருப்பு பல்லை உடைக்குதே" என்றேன். அந்தம்மா பொங்கிவிட்டார்.

"நான் என்னய்யா செய்ய? காலையில ஏத்துன அடுப்பு. விறகுதான் வேகுது, பருப்பு வேகல. இந்தக் கிணத்துத் தண்ணியில அது எப்பய்யா வேகும்?"

அதே கிணற்றைத்தான் காலையில் அதே அம்மா இளநீர் என்று சொல்லியிருந்தார்! எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஆச்சரியம் ஒரு பக்கம். பருப்பை வேகவிடாத உப்புதானே பாய்லரிலும் படிகிறது? அதற்குப் பிறகு நான் யாரிடமும் தண்ணீரைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீடு வீடாகப் போய், "உங்க வீட்டுல பருப்பு எப்படி வேகுது?" என்றுதான் கேட்டேன்.

"எஞ்சினுக்குப் பொண்ணு பாக்க வந்தீகளா?" என்றார் ஒரு பெண்.

"எங்க வீட்டுல மீனுதான் வேகும். பருப்புக் கண்டு மாசமாச்சு" என்றார் இன்னொருவர்.

கேலி செய்தாலும் எல்லாரும் உண்மையைச் சொன்னார்கள். தண்ணீரைப் பழிப்பதுதானே பாவம்? பருப்பை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். அப்படியே விசாரித்துக்கொண்டு போனதில், பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் மணலில் தோண்டிய ஒரு ஊற்றில் வந்து நின்றேன். அந்தத் தண்ணீரில் பருப்பு வெண்ணெயாகக் குழைகிறது என்றார்கள். ஒரு வாளியைக் கேட்டு வாங்கி இறக்கப் போனேன். காலையில் பழமொழி சொன்ன அதே கருவாட்டு அக்கா ஓடிவந்து கையைத் தட்டிவிட்டார்.

"வாளியைப் போட்டா அடியில இருக்குற உப்பு மேல வந்துரும். சிரட்டையால மெல்ல மொள்ளணும். அதுவும் நாங்க குடிக்கிற தண்ணி. உங்க எஞ்சினுக்குத் தொண்டை காஞ்சா கடல்ல போயிக் குடிக்கச் சொல்லு!"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நானும் மணலில் உட்கார்ந்து, கடலாடிக் கதையையும் மாமாவின் பிழைப்பையும் சொன்னேன். அக்கா மற்ற பெண்களையும் கூப்பிட்டுப் பேசி முடிவு சொன்னார். எங்கள் ரோட்டு ஆட்கள் பக்கத்தில் இன்னும் இரண்டு ஊற்றுத் தோண்டிக் கொடுக்க வேண்டும். எஞ்சினுக்கு அதில்தான் எடுக்க வேண்டும், அதுவும் சிரட்டையால்தான்.

திரும்பி வந்து சொன்னதும் மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். "சிரட்டையில மொண்டா பத்து டன் வண்டிய ஓட்டப் போறே மாப்ளே?"

"வண்டி வந்த பிறகு மொண்டாத்தானே மாமா கஷ்டம்? வர்றதுக்கு முந்தியே மொண்டு வச்சிருவோம்."

அப்படியே செய்தோம். காலித் தார்ப் பீப்பாய்களை நெருப்பில் காட்டித் தாரை எரித்துச் சுரண்டிக் கழுவி முதலில் அனுப்பினோம். எஞ்சின் பட்டறையில் கிடந்தபோதே அங்கே ஆட்கள் ஊற்றுத் தோண்டி, நாள்தோறும் மொண்டு மொண்டு பீப்பாய்களை நிரப்பினார்கள். கூட்ஸ் வண்டியிலிருந்து எஞ்சின் இறங்கியபோது அதற்கு முன்னால் தண்ணீர் வரிசையாகக் காத்திருந்தது. வேலை ஓடிய நாளெல்லாம் மொள்ளுவதும் நிற்கவில்லை.

பாதி ரோடு முடிந்ததும் பாய்லரைத் திறந்து கழுவுகிற நாள் வந்தது. காண்டிராக்டரும் வந்து நின்றார். நான் அடிப்பக்கத்து மூடியைக் கழற்றினேன். மாமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயே பாரு மாப்ளே."

"உங்க வண்டி மாமா. நீங்கதான் பாக்கணும்."

பிஸ்மி சொல்லிவிட்டு முழங்கை வரை கையை உள்ளே விட்டார். கொஞ்ச நேரம் துழாவினார். வெளியே எடுத்தபோது விரலெல்லாம் சந்தனம் மாதிரி சேறு. வேட்டியில் துடைத்ததும் போய்விட்டது. கல்லாக ஒரு துணுக்குகூட இல்லை.

காண்டிராக்டர் குனிந்து பார்த்தார். "கழுவி மூடிட்டு நெருப்பு வைங்க, டிரைவரே" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். அவர் மாமாவை டிரைவரே என்று கூப்பிட்டுக் கடலாடிக்குப் பிறகு நான் கேட்டதே இல்லை.

கழுவி முடித்து மூடியை எடுத்துவந்தேன். மாமா நகரவில்லை.

"இரு மாப்ளே" என்றார். "இன்னொரு தடவை கைய விட்டுப் பாத்துக்கிறேன்."